இரண்டு பைட் தள்ளி

அவருக்குச் சுவர்க்கோழி என்று பேர் வைத்தவன் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்துவிட்டது, ஆனாலும் பேர் வைப்பதில் எனக்குக் கைராசி உண்டு. எங்கள் மேனேஜருக்கு ஈரத்துண்டு என்று பேர். எந்தக் கறையையும் சத்தம் இல்லாமல் துடைத்துவிடுவார். சுவர்க்கோழி அப்படி இல்லை, சுவர் இடுக்கில் ராத்திரி முழுக்கக் கத்துகிற அந்தப் பூச்சி மாதிரி சத்தம்தான் அவர் அடையாளம். வேலை செய்யும்போது உதடு பிரியாமல் எண்களை முணுமுணுப்பார். காலையில் மாடி ஏறும்போதே படிகளை எண்ண ஆரம்பித்தால் சாயந்தரம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரை அந்த ரீங்காரம் நிற்காது. அவர் மனைவிக்கு இடது காது கேட்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் மனைவிக்கு இடப்பக்கம்தான் படுக்கிறார், அதனால்தான் குடும்பம் முப்பது வருஷம் ஓடியது என்று அந்த அம்மாவே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் கம்பெனி மருந்துப் பம்பு செய்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டி, மணிக்கு இத்தனை மில்லி என்று எண்ணைத் தட்டினால், அந்த அளவுக்கு மருந்தை நரம்புக்குள் ஏற்றுகிற பெட்டி. என்னுடையது கடைசி மேஜை. ஒவ்வொரு பம்பையும் தண்ணீர் விட்டு ஓட்டி, அளவு ஜாடியில் பிடித்து, ஃபாரத்தில் டிக் போட்டு, அட்டைப்பெட்டிக்கு அனுப்புவேன்.

சுவர்க்கோழி ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து வந்தவர். ஈயம் பற்றவைக்கும் கோலோடு எங்களிடம் சேர்ந்தார். பம்புக்குள் இருக்கும் சிப்புக்கு ஒரு தடிமனான புத்தகம் வந்தது. மற்றவர்கள் அதன்மேல் டீ கிளாஸ் வைத்தார்கள், இவர் அதைப் படித்தார். அந்தச் சிப்புக்கு அசெம்பிளர் வாங்கக் கம்பெனிக்கு மனசு வரவில்லை. அசெம்பிளர் என்றால் வேறொன்றும் இல்லை. மனுஷன் எழுதுகிற வரியைச் சிப்புக்குப் புரிகிற எண்ணாக மாற்றித் தருகிற புரோகிராம். ஏழு மாதம் உட்கார்ந்து அவரே ஒன்று எழுதினார். பதினொரு வருஷமாக எங்கள் பம்பு ஒவ்வொன்றும் அதன் வயிற்றிலிருந்துதான் பிறந்தது. அவருக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் குழையும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தச்சர் ஒருவர் செத்துப்போனார். வயது ஐம்பத்திரண்டு. இதயத் துடிப்பை அடக்குகிற மருந்து, மணிக்கு ஐந்து மில்லி ஏற வேண்டியது, அரை மணிக்குள் பாட்டில் காலி. பதற்றத்தில் யாரோ பம்பை அணைத்துப் போட்டதில் அதற்குள் இருந்த பதிவும் அழிந்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணி, வார்டு நிறைய ஆள், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டிலுக்கு யார் பொறுப்பு என்பதுதான்: ஒரு நர்ஸ், பதினாறு வருஷ அனுபவம்.

என் மச்சினி அதே வார்டில் துடைக்கிற வேலை பார்க்கிறாள். ஆகையால் எனக்கு அன்றே சேதி வந்துவிட்டது.

"மாமா, சிஸ்டர் அழவே இல்ல. கையைக் கையைப் பாத்துக்கிட்டு நிக்குறாங்க. அஞ்சுதான் போட்டேன், ரெண்டு தடவ பாத்தேன்னு அதையே சொல்றாங்க."

"யாரும் நம்பலையா?"

"பெரிய டாக்டரே முகத்தத் திருப்பிக்கிட்டார். உங்க கம்பெனியிலேருந்து லெட்டர் வரணுமாம். அது வந்தாத்தான் தெரியுமாம்."

லெட்டர் போனது. அந்த வேகத்தில் பம்பு ஓட ஒரே வழிதான் உண்டு: குழாயில் காற்றை வெளியேற்ற வேகமாக நிரப்பும் பட்டன் ஒன்று இருக்கிறது, அதை அமுக்கிவிட்டு மறந்திருக்க வேண்டும் என்று லெட்டர் சொன்னது. புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன், தவறு இல்லை என்று அடியில் கையெழுத்துப் போட்டவர் சுவர்க்கோழி. பொய் சொல்லவில்லை. பத்து நாள் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்தார். எழுதிய வரிகளில் தவறு இல்லைதான்.

நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். லைசென்ஸைப் பிடுங்குவதா வேண்டாமா என்று நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விசாரணை. அது போனால் வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவரை வாசலில்கூட நிற்க விடாது.

அந்த வெள்ளிக்கு முந்தின வெள்ளி, சாப்பாட்டுக்கு முன்னால், நான் ஒரு பம்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். காற்றுக்குமிழி சோதனை. குழாயில் குமிழி விட்டால் பம்பு நின்று கீச்சென்று கத்த வேண்டும். சத்தத்தை நிறுத்தும் பட்டனை ஒரு தடவை அமுக்கி, குமிழியை எடுத்துவிட்டு, மறுபடி ஓடவிட்டு, டிக் போட வேண்டும். ஃபாரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அன்றைக்கு மச்சினி போனில் இருந்தாள். பெரிய டாக்டர் வீட்டுச் சண்டை நடுவில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் போய் இது கத்துகிறது. எரிச்சலில் பட்டனைத் தட் தட் என்று இரண்டு தடவை தட்டிவிட்டு, ஓடவிட்டுக் கதையைக் கேட்டேன்.

கால் நனைந்தது. குனிந்து பார்த்தால் ஜாடி நிரம்பி வழிகிறது. பம்பின் முகத்தில் ஐந்து என்றுதான் இருந்தது. மோட்டார் மட்டும் பேய் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

நேர்மையாகச் சொல்கிறேன், முதலில் தோன்றியது துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான். பிறகு அந்த அம்மா கையைக் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற கதை ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

"சார், ஒரு பம்பு கிறுக்குத்தனம் பண்ணுது."

அவர் திரும்பவில்லை. "என்ன பண்ணுது?"

"அஞ்சுன்னு காட்டிட்டு அருவியா ஊத்துது."

"நிரப்பற பட்டன அமுக்கியிருப்ப."

"சத்தியமா இல்ல சார்."

"அமுக்கிட்டு மறந்திருப்பய்யா. போன்ல பேசிக்கிட்டே வேலை செஞ்சா அப்பிடித்தான்."

லெட்டரில் இருந்த அதே பேச்சு. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ரீங்காரம் நின்றது. எழுந்து என்னோடு கீழே வந்தார். நான் செய்து காட்டினேன். அவரே செய்தார். வேறு பம்பை எடுத்துச் செய்தார். ஒரு தடவை தட்டினால் சாது, இரண்டு தடவை தட்டினால் பேய். நான்காவது பம்போடு நிறுத்தினார்.

"இந்த ரெண்டு தட்டு போன வருஷம்தான் சேத்தோம். ஒரு தட்டுக்கு அர நிமிஷந்தான் சத்தம் நிக்கும், குமிழி எடுக்கறதுக்குள்ள மறுபடி கத்துது, பக்கத்துக் கட்டில்ல இருக்கறவங்க தூங்க முடியலன்னு நர்சுங்கதான் எழுதிக் கேட்டாங்க. ரெண்டு தட்டுக்கு ரெண்டு நிமிஷம்" என்றார்.

மூன்று நாள் அவர் திரையைப் பார்க்கவில்லை. சிப்புக்குள் போகிற எண்களை அப்படியே காகிதத்தில் அச்சடித்து, தரையில் வரிசையாக விரித்து, முட்டி போட்டு பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினொரு வருஷத்தில் அவர் அசெம்பிளர் கொடுத்ததை அவர் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. தான் பெற்ற பிள்ளையின் பையை யார் சோதனை போடுவார்கள்? மூன்றாம் நாள் நான் டீ கொண்டுபோனபோது சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாய் அசையவில்லை.

"கெடச்சுது. ரெண்டு பைட்" என்றார்.

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார், நானும் அதே மாதிரி சொல்கிறேன். புரோகிராம் என்பது ஒரு நீண்ட தாழ்வாரம், ஒவ்வொரு கட்டளையும் ஒரு அறை. சில அறைகளில் 'இத்தனை அடி தாண்டிப் போ' என்று எழுதியிருக்கும். அதற்குப் பேர் பிராஞ்ச், தாவல். அந்த அடிக்குப் பேர்தான் பைட். எத்தனை அடி என்று அசெம்பிளரே அளந்து எழுதிவிடலாம். இல்லாவிட்டால், 'கடைசியில் அளந்து நிரப்பு' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடலாம். அந்தச் சீட்டுக்குத்தான் ரீலொகேஷன் என்று பெயர். எல்லாத் துண்டுகளையும் சேர்த்துக் கட்டுகிற லிங்கர் என்ற இன்னொரு புரோகிராம் சீட்டைப் படித்து நிரப்பும்.

பத்து வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு தட்டு சேர்த்தபோது சிப்பில் இடம் போதவில்லை. அதனால், பெரிய அறைகளில் சிறிதாக்க முடிந்ததையெல்லாம் கடைசியில் சிறிதாக்கும்படி லிங்கருக்கு ஏற்பாடு செய்தார். சுவர் நகரும் என்பதால் தாவல் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டும்படி அசெம்பிளரையும் மாற்றினார். ஒரே ஒரு வகையை விட்டுவிட்டார். அதே பக்கத்துக்குள் கூப்பிடு தூரத்தில் தாவுகிற குட்டித் தாவல்கள். இவ்வளவு பக்கத்தில் என்ன நகர்ந்துவிடப் போகிறது, சீட்டு ஒட்டினால் கட்டுவதற்கு நேரம் ஆகிறது, அளந்தே எழுதிவிடட்டும் என்று.

நகர்ந்தது. தாவலுக்கும் அது போய்ச் சேர வேண்டிய அறைக்கும் நடுவில் ஒரே ஒரு அறை இரண்டு பைட் சுருங்கியது. தாவல் பழைய அளவிலேயே தாவி, ஒரு அறை தள்ளிப் போய் விழுந்தது. தவறிப்போன அறையில் இருந்த கட்டளை, 'மோட்டாரை நர்ஸ் தட்டிய வேகத்துக்கு மாற்று'. அதைச் செய்யாததால், நின்று கிளம்பிய மோட்டார் எடுத்த எடுப்பில் இருக்கிற குழாய் நிரப்பும் வேகத்திலேயே ஓடியது. இரண்டு தட்டு தட்டினால் மட்டும்தான் அந்த வழி.

"சரிபண்ண எவ்வளவு நாள் சார்?"

"பண்ணிட்டேன். ஒரு வரி. பக்கத்துல இருந்தா சீட்டு வேணாம்னு இருந்துச்சு, அத அழிச்சேன். எல்லாத் தாவலுக்கும் சீட்டு." டீயை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். "ஒரு வரிய்யா. அந்த ஆளு பாரு, தச்சு வேலை செஞ்சவராம்."

புதன்கிழமை ஈரத்துண்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் ஒரு தூசி இருக்காது அவருக்கு.

"நல்ல வேலை சார். புது வெர்ஷன்னு சொல்லி மெதுவா எல்லா ஆஸ்பத்திரிக்கும் மாத்திக் குடுத்துடலாம். பொதுவான முன்னேற்றங்கள்னு ஒரு வரி போதும்."

"வெள்ளிக்கிழம அந்தம்மாவுக்கு விசாரணை."

"அது அவங்க விஷயம்."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். உங்க கையெழுத்து. அசெம்பிளரும் உங்களுது. ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கு. நீங்களே போயி நான்தான் கொன்னேன்னு சொல்லப் போறீங்களா? வெளில தொள்ளாயிரம் பம்பு இருக்கு. பீதி கிளம்புனா இங்க நூத்தி இருபது குடும்பம். இவரு குடும்பமும் சேத்து." என்னைக் காட்டினார். எனக்கு அவ்வளவு மரியாதை அந்த அறையில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

சுவர்க்கோழி மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மெதுவான்னா எவ்வளவு நாள்?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசத்துல எத்தன குமிழி வரும்னு கணக்குப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். அந்த வாசகம்தான் அவர் எங்கள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த ராஜினாமா என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை காலை விசாரணைக்கு ஒரு பம்பைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். யாரும் பார்க்காமல் எடுக்கலாம் என்று ஏழு மணிக்கே போனேன். மேஜையை நகர்த்தியபோது அது ஆடியது. காலுக்குக் கீழே நான் மடித்து வைத்திருந்த காகிதம் வெளியே வந்துவிட்டது. எடுத்துப் பிரித்தேன். சோதனை ஃபாரத்தின் புதிய பக்கம். போன வருஷம் மாடியிலிருந்து கொடுத்தார்கள். பழைய ஃபாரக் கட்டோடு சேர்த்துத் தைக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு வரிதான் புதிது: சத்தம் நிறுத்தும் பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்க்கவும்.

மேஜை ஆடுகிறதே என்று அன்றைக்கு எடுத்து மடித்தேன்.

பஸ்ஸில் அதை அவரிடம் நீட்டினேன். படித்தார். மடித்த கோட்டிலேயே மறுபடி மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"இத அங்க சொல்லாத."

"சார், நான் பாத்திருந்தா அந்த ஆளு..."

"தெரியும். ஒருத்தன் தப்புன்னா காது குடுத்துக் கேப்பாங்க. ரெண்டு பேரு தப்புன்னா, யாரு தப்பும் இல்லன்னு முடிச்சு, மறுபடி அந்தம்மா தலைலதான் கட்டுவாங்க. இன்னைக்கு நான் மட்டும் போதும்."

விசாரணை அறையில் நீள மேஜை, மூன்று பேர், ஒரு மின்விசிறி. நர்ஸ் சுவரோரம் நாற்காலியில் இருந்தார்; கைகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தார். எதிர்ச் சுவரோரம் தச்சரின் மகன். அப்பாவின் கைக்கடிகாரமாக இருக்க வேண்டும், பெரிதாக, மணிக்கட்டில் தொங்கியது.

சுவர்க்கோழி தாழ்வாரக் கதையைச் சொன்னார். மூன்று பேரில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

நடுவில் இருந்த அம்மா கேட்டார்: "நாலு மாசம் முன்னாடி தப்பே இல்லன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"நான்தாங்க."

"இன்னைக்கு இருக்குங்கறீங்க. எத நம்பறது?"

"என்ன நம்ப வேணாம். இதப் பாருங்க."

ஜக்கில் தண்ணீர் வாங்கி நான் பம்பை மாட்டினேன். ஐந்து. குமிழி விட்டு, கத்தியதும் ஒரு தட்டு. சொட்டு, சொட்டு. மறுபடி குமிழி விட்டேன். கத்தியது. என் விரல் போவதற்குள் அவர் தடுத்தார்.

"சிஸ்டர், அன்னைக்கு என்ன பண்ணீங்களோ அதையே பண்ணுங்க. யாரும் சொல்லித் தர வேணாம்."

நர்ஸ் எழுந்து வந்தார். பம்பு கத்திக்கொண்டே இருந்தது. தலைப்புக்குள்ளிருந்து வலது கை வந்தது. தட், தட். குமிழியை எடுத்தார். ஓடவிட்டார்.

மோட்டார் அலறியது. தண்ணீர் கம்பி மாதிரி இறங்கியது. முகத்தில் ஐந்து. அரை ஜாடி ஏறியபோது மகன் சொன்னான், "நிறுத்துங்க. போதும், நிறுத்துங்க."

நான் அணைத்தேன்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா அப்பத்தான் கண் அசந்தாங்க. அதனால ரெண்டு தடவ. அமுக்கி, ஓடவிட்டுட்டு அவங்க போர்வைய இழுத்து விடப் போனேன்" என்றார் நர்ஸ். அது பம்பைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு சுவர்க்கோழியைப் பார்த்தார். "நாலு மாசமா இந்தக் கையால நான் சாப்பிடல சார். ஸ்பூன்ல சாப்பிடறேன்."

சுவர்க்கோழி கும்பிட்டார். நர்ஸ் திருப்பிக் கும்பிடவில்லை. குற்றம் சொல்ல மாட்டேன்.

வெளியே வந்ததும் மகன் எங்கள் முன்னால் நின்றான். அடிக்கப் போகிறான் என்று பம்பை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஒரு வரி... அத முன்னாடி ஏன் பாக்கல?" என்று கேட்டான்.

"என்னோடதுன்னு பாக்கல தம்பி" என்றார். அவன் போய்விட்டான்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. நர்ஸ் மேல் தவறு இல்லை, வேலைக்குத் திரும்பலாம். தொள்ளாயிரம் பம்பையும் ஒரே வாரத்தில் திரும்ப வாங்கினோம், முதுகு ஒடிந்தது. நூற்று இருபது குடும்பமும் அப்படியே இருக்கிறது. சுவர்க்கோழி குடும்பத்தை மட்டும் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். பிரிவு விழா கிடையாது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார், படிகளை எண்ணவில்லை. நான் அந்தப் பக்கத்தை ஃபாரக் கட்டோடு சேர்த்துத் தைத்தேன். மேஜை இப்போது ஆடுகிறது, ஆடட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறேன். கூடம் முழுக்கக் காகிதம். அசெம்பிளரைப் பெருமையாக ஒரு லிஃப்ட் கம்பெனிக்கும் சும்மா கொடுத்திருந்தாராம். அவர்களுடைய எண்களை வாங்கிவந்து எண்ணுகிறார். வழி தவறிய தாவல் இன்னும் இரண்டு கிடைத்திருக்கிறது. எழுதிப் போட்டார், பதில் வரவில்லை, நேரில் போய் வாசலில் உட்கார்ந்து மாற்ற வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து நான் மாடிப்படிதான். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இப்பல்லாம் முணுமுணுக்கறதே இல்ல. நல்ல காதப் பக்கத்துல வெச்சுக் கேட்டாலும் ஒண்ணும் கேக்கல."

ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது அவர் கேட்பது ஒன்றுதான்.

"சிஸ்டர் எப்பிடி இருக்காங்க? உன் மச்சினி ஏதாவது சொன்னாளா?"

மச்சினி சொன்னாள். முதல் நாள் அந்த அம்மா தேய்த்த சீருடையில் வந்தாராம். பதினோரு மணிக்கு ஒரு பம்பு கத்தியது. முன்னால் போய் நின்றார். விரலை நீட்டினார், விரல் போகவில்லை. பக்கத்து நர்ஸைக் கூப்பிட்டு அமுக்கச் சொன்னார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவரே எழுதிக் கொடுத்து, கீழே வாசல் ஜன்னலில் சீட்டு எழுதுகிற வேலைக்குப் போய்விட்டார். பேர், வயசு, எந்த டாக்டர். இடது கையால் எழுதப் பழகுகிறாராம்.

கேட்ட சேதியை ஒரு மணி நேரம் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான். தெருவுக்கே தெரியும்.

"வார்டுலதான் சார் இருக்காங்க. நல்லா இருக்காங்க" என்றேன்.

"பம்பெல்லாம் அவங்கதான் பாக்கறாங்களா?"

"அவங்கதான் சார்."

தலையை ஆட்டினார். மறுபடி முட்டி போட்டு, விட்ட இடத்தில் பேனாவை வைத்தார்.